வாடைக் காலத்தில் மணல்மேட்டு நடை: குந்துகால் முதல் அரிச்சல்முனை வரை

ஞாயிறு, மண்டபம் – பாம்பன் – குந்துகால்

ராமநாதபுரம் கடற்கரையில் மலை தேடினால் கிடைக்காது. கண்ணுக்கு எட்டிய தூரம் தட்டை நிலம், பனை, உடைமரம், கண்மாய்க் கரை, அவ்வளவுதான். ஆனால் மழைக்காலம் வந்தால் எனக்கு முகட்டில் நடக்க வேண்டும். மேகமலையிலும் சிறுமலையிலும் மேகத்துக்குள் நடந்த ருசி அப்படி. இந்த வருஷம் தேனிப் பக்கம் போக லீவு கிடைக்கவில்லை. நம்ம மாவட்டத்திலேயே ஒரு முகடு இருக்கிறதே, அதில் ஏன் நடக்கக் கூடாது என்று கிளம்பிவிட்டேன். பாம்பன் தீவின் தெற்குக் கரையோரம், குந்துகாலிலிருந்து தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை மணல்மேடு விட்டுவிட்டு ஓடுகிறது. சில இடங்களில் ஒரு மாடி உயரம், சில இடங்களில் ஆள் உயரம், அதுவும் இல்லாத இடங்களும் உண்டு. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தீவு ஒடுங்க ஒடுங்க இரண்டு கடலும் பக்கத்தில் வந்துவிடும்.

கார்த்திகைக் கடைசி. இலங்கைக்குத் தெற்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. காலையில் மண்டபத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தூறல். வெயிலுக்கு விரிக்கும் குடை இந்த ஊர் வாடைக் காற்றில் நிற்காது என்பதால் மழைக்கோட்டு மட்டும்தான். இரண்டு மாற்றுத் துணி, பொரிகடலை, கருப்பட்டி, தண்ணீர், பிளாஸ்டிக் உறைக்குள் போன்.

பாம்பன் சாலைப் பாலத்தில் நடந்தே தீவுக்குள் போனேன். காற்று வடகிழக்கிலிருந்து அடித்து மழைக்கோட்டைப் புடைக்க வைத்தது. இடது பக்கம் இரண்டு ரயில் பாலங்கள். 1914-ல் திறந்த பழைய பாலம் இப்போது ரயில் ஓடாமல் நிற்கிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் தூக்குப் பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகும். பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அந்த விதியின் நியாயம் உடம்புக்கே தெரிகிறது.

பாலத்தின் நடுவில் நின்று இரண்டு கடலையும் பார்த்தேன். வெளியூர்க்காரர்களுக்கு வழக்கமாகச் சொல்வது, வடக்கே பெண் கடல், சாது; தெற்கே ஆண் கடல், முரடு என்று. இன்றைக்கு எல்லாம் தலைகீழ். வடகடல் மண் நிறத்தில் கொதிக்கிறது. தென்கடல் சாம்பல் நிறத்தில் சும்மா கிடக்கிறது. வாடைக் காலம் முழுக்க இப்படித்தான் இருக்கும். மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பும்போது தென்கடலின் முறை வரும். அதனால்தான் புயல் எச்சரிக்கை என்றால் வடக்குப் பக்கத்து விசைப்படகுகளில் சில குந்துகால் பக்கம் வந்து ஒதுங்குகின்றன. இன்று மாலையும் வரிசையாக நின்றன.

குந்துகாலில் 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் கரை இறங்கிய இடத்தில் நினைவு மண்டபம் இருக்கிறது. மழையில் யாரும் இல்லை. எதிரே குருசடைத் தீவு மங்கலாகத் தெரிந்தது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று. பாம்பனில் தெரிந்தவர் வீட்டில் இரவு. கணவாய்த் தொக்கும் சுடுசோறும்.

திங்கள், தென்கரை – தங்கச்சிமடம்

விடியும்போது மழை விட்டிருந்தது, மேகம் மட்டும் தாழ்ந்து கிடந்தது. அலைவாயில் நடந்தால் ஈரமணல் கெட்டியாக இருக்கும், வேகமாகப் போகலாம். ஆனால் நான் வந்தது மேட்டில் நடக்க. மேலே ஏறிவிட்டேன்.

காய்ந்த மணல்மேட்டில் ஏறியவர்களுக்குத் தெரியும், ஓரடி வைத்தால் அரையடி சறுக்கும். மழைக்குப் பிறகு கதை வேறு. மேல்மணல் இறுகி ஒரு பொருக்கு கட்டியிருக்கிறது. கால் வைத்தால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி லேசாக உடைந்து, உடனே உறுதியாகத் தாங்குகிறது. பொருக்குக்குக் கீழே தோண்டிப் பார்த்தேன். முழங்கை ஆழம் வரை ஈரம், அதற்குக் கீழே இன்னும் குளிர்ச்சி. பெய்த மழையில் ஒரு சொட்டுகூட மேட்டின் சரிவில் வழிந்து ஓடிய தடம் இல்லை. எல்லாம் உள்ளே போயிருக்கிறது. மலைமுகட்டில் மழை பெய்தால் ஆயிரம் ஓடையாகக் கீழே ஓடும். இந்த முகட்டில் ஓடையே கிடையாது.

மேட்டைப் பிடித்து வைத்திருப்பது இரண்டு செடிகள். ஒன்று அடப்பங்கொடி. கடல் பார்த்த சரிவில் படர்ந்து, மழையில் ஊதாப்பூ நிறையப் பூத்திருந்தது. சங்கப் பாட்டில் நெய்தல் நிலத்து அடும்பு என்று வருவது இதுதான். இன்னொன்று ராவணன் மீசை. பேரைக் கேட்டுச் சிரிப்பவர்கள் ஒருமுறை அதன் மேல் உட்கார்ந்து பார்க்கலாம். ஒவ்வொரு இலையும் முனை கூர்மையான ஊசி. கொத்துக் கொத்தாக நின்று, காற்று கொண்டு வரும் மணலைத் தன் காலடியில் நிறுத்துகிறது. மணல் மூட மூட அது மேலே வளர்கிறது, கூடவே மேடும் வளர்கிறது. காய்ந்த விதைக்கொத்து பந்து வடிவத்தில் உதிர்ந்து காற்றில் கரையோரம் உருண்டு ஓடும். இன்று நனைந்து கனத்துப்போய் ஆங்காங்கே கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் முள், ஒவ்வொரு முள்ளின் அடியிலும் ஒரு சிறு செதில். எந்தப் பக்கம் விழுந்தாலும் காற்றுக்குப் பிடி கொடுக்கும்.

பத்து மணி வாக்கில் வடக்கே வானம் கறுத்தது. முதலில் காற்று நின்றது. அப்புறம் சில்லென்று ஒரு வீச்சு, அதன் பின்னாலேயே பனைமரங்களைத் தாண்டி மழை சாய்வாக வந்தது. கரைவலைக்காரர்கள் வலை போட்டு வைக்கும் ஓலைக் கொட்டகை ஒன்று பக்கத்தில் இருந்தது, ஓடி ஒதுங்கினேன். உள்ளே ஒரு பெரியவர் வலை முடிந்துகொண்டிருந்தார்.

"எங்க தாயி போற, இந்த மழையில?"

"மேட்டு மேலேயே நடந்து தனுஷ்கோடி வரைக்கும், ஐயா."

"தனியாவா?" என்று ஒருமுறை பார்த்தார். அதற்கு மேல் துருவவில்லை. வாடை இப்படி நின்று நின்று அடித்தால் இரண்டு நாளைக்கு விடாது, காற்று கிழக்கே திரும்பிக் கொண்டல் ஆனால்தான் வெறிக்கும் என்றார். வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கே சோழகம், மேற்கே கச்சான் என்று கையால் திசை காட்டிச் சொன்னார். எந்தக் காற்றில் எந்தக் கடலில் எந்த மீன் கரைக்கு வரும் என்பது அவருக்குக் கணக்கு. இந்த வாடையில் தென்கரையில் சூடையும் நெத்திலியும் படும் என்றார். கேட்டுக்கொண்டே கருப்பட்டியை உடைத்து அவருக்கும் கொடுத்தேன்.

குடிக்கத் தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள் என்று கேட்டதற்குக் கொட்டகைக்குப் பின்னால் கையைக் காட்டினார். மேட்டின் வடக்குச் சரிவு முடியும் பள்ளத்தில் இடுப்பளவு ஒரு குழி. அடி வெட்டிய பிளாஸ்டிக் டிரம்மை மணல் சரியாமல் இருக்க இறக்கியிருந்தார்கள். உள்ளே தெளிந்த தண்ணீர். கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. அள்ளிக் குடித்தேன். உப்பே இல்லை. மணல் வாசம் லேசாக இருந்தது.

மழைக்குப் பிறகு தங்கச்சிமடம் பக்கம் உள்ளே திரும்பும் வழியில்தான் மனசு கெட்டுப்போனது. மேட்டை டிராக்டர் போகும் அகலத்துக்கு வெட்டி எடுத்திருக்கிறார்கள். வெட்டுவாய் செங்குத்தாக நிற்கிறது. அடுக்கடுக்காக மணல் வரி, நடுவில் அறுந்து தொங்கும் ராவணன் மீசை வேர்கள். ஒவ்வொரு வேரும் என் கையைவிட நீளம். பக்கத்துத் தோப்பில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த அக்கா, "மூணு வருசமா கிணறு கரிக்குது. முன்னெல்லாம் இதுலதான் சோறு பொங்குவோம்" என்றார். இப்போது குடிக்க லாரித் தண்ணீர், குடம் விலைக்கு.

ராத்திரி தங்கச்சிமடத்தில். சாயங்காலம் வில்லூண்டித் தீர்த்தம் போய் வந்தேன். கடலுக்குள்ளே நிற்கும் கிணறு, இறைத்தால் நல்ல தண்ணீர். ராமர் சீதையின் தாகத்துக்காக வில்லை ஊன்றிய இடம் என்பது ஐதீகம். இன்று வடகடல் அலை மேடையில் மோதி மேலே தெறித்ததால் கிணற்றருகே விடவில்லை.

செவ்வாய், ராமேஸ்வரம்

நடை இல்லை. பாம்பனில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள். மீனவர்களுக்குக் கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கவில்லை, தனுஷ்கோடிச் சாலையும் மூடல். அறைக்குள்ளிருந்து மழையைப் பார்த்தேன். 2024 நவம்பர் 20 அன்று இந்த ஊரில் ஒரே நாளில் 40 செ.மீ.-க்கு மேல் கொட்டியது. மாவட்டத்தின் ஓராண்டு மழையில் ஏறக்குறைய பாதி. அன்றைக்குத் தெருவெல்லாம் வெள்ளம். தண்ணீர் நின்றது கான்கிரீட் போட்ட இடங்களில்தான், மணல் திறந்து கிடந்த பக்கம் சீக்கிரம் வடிந்தது என்று லாட்ஜ்காரர் சொன்னார்.

மத்தியானம் சற்றே வெறித்ததும் கந்தமாதன பர்வதம் போனேன். பேரில் பர்வதம், உண்மையில் மணல்மேடு, தீவிலேயே உயரமான இடம். உச்சியில் ராமர் பாதக் கோயில். மேல்தளத்திலிருந்து தீவு முழுக்கத் தெரியும். இன்றைக்குத் தெரிந்தது பனைத் தலைகளும் மேகமும். 323 மீட்டர் டிவி டவரின் மேல்பாதி மேகத்துக்குள் போய்விட்டிருந்தது. மலை இல்லாத ஊரில் மேகம் ஒன்றைத் தொட்டுக்கொண்டு நிற்பதை இப்போதுதான் பார்க்கிறேன். வெகுநேரம் அங்கேயே நின்றேன், நனைந்ததைப் பற்றிக் கவலைப்படவில்லை.

கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். கடலிலிருந்து எட்டி நடக்கும் தூரத்தில் இத்தனை நல்ல தண்ணீர்க் கிணறுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ருசி என்பார்கள். நேற்று கொட்டகைக்குப் பின்னால் குடித்ததும் இதே மழைத் தண்ணீர்தான். மணலுக்குள் இறங்கிய மழை, கடலின் உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால் அதன் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயரம் நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு நல்ல தண்ணீர் நிற்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. குறுகலான தீவில் அது அப்படியே அமையாது, ஆனால் போக்கு அதுதான். மேலே ஓரடி இறங்கினால் கீழே உப்பு பல மடங்கு ஏறிவரும். ஆழ்துளை போட்டு மோட்டாரில் உறிஞ்சினாலும் இதே கதி. தங்கச்சிமடத்து அக்காவின் கிணற்றை நினைத்துக்கொண்டே தூங்கினேன்.

புதன், முகுந்தராயர் சத்திரம் – தனுஷ்கோடி – அரிச்சல்முனை

கூண்டு இறங்கிவிட்டது. காற்று கிழக்கே திரும்பியிருந்தது, பெரியவர் சொன்ன மாதிரியே. காலை பஸ்ஸில் முகுந்தராயர் சத்திரம் வந்து இறங்கினேன். இங்கிருந்து அரிச்சல்முனை வரை சாலை 9 கிலோமீட்டருக்கு மேல், 2017-ல் திறந்தது. சோதனைச் சாவடியில் பேர் எழுதிக்கொண்டு, "சாயங்காலத்துக்குள்ள திரும்பிடுங்க மேடம்" என்றார்கள். இரவு தங்க அனுமதி இல்லை.

சாலையில் ஏறாமல் தெற்கு மேட்டைப் பிடித்தேன். நான் எதற்காக வந்தேனோ அது இந்த நாளில்தான் முழுதாகக் கிடைத்தது. மேட்டு உச்சியில் நின்று தலையைத் திருப்பினால் இரண்டு கடலும். மேகம் தாழ்ந்து அடிவானம் இரண்டு பக்கமும் அழிந்துவிட்டது. வடக்கிலிருந்து வரும் ஓசை கனமானது, விடாதது. தெற்கிலிருந்து சின்னச் சின்ன அலையின் சத்தம். மேட்டின் வடக்குச் சரிவில் இரண்டடி இறங்கினால் வடகடல் மட்டும் கேட்கிறது, தெற்கே இறங்கினால் தென்கடல் மட்டும். உச்சியில் இரண்டும். மேடு முடிகிற இடத்தில் தேங்கிய மழைநீரில் கணுக்கால் நனைய நடந்து, அடுத்த மேட்டில் ஏறுவது. குடை விரித்த வடிவத்தில் நிற்கும் உடைமரங்கள் தென்மேற்குக் காற்றுக்கு வளைந்து வளர்ந்தவை. இந்தக் காற்றில் எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டு முனகின.

தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயம், ரயில் நிலையத்தின் மிச்சச் சுவர்கள். சுவரெல்லாம் பவளக்கல். நனைந்தால் அதன் துளைகள் ஒவ்வொன்றும் கறுத்துத் தெரிகின்றன. 1914-லிருந்து இங்கே ரயிலை விட்டு இறங்கிக் கப்பலில் இலங்கையின் தலைமன்னார் போய்க்கொண்டிருந்தார்கள். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் ஊரையும், பாம்பனிலிருந்து வந்த 653-ம் எண் பாசஞ்சர் ரயிலையும் கொண்டுபோனது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசை போட்டு இருக்கிறார்கள். கடல் இங்கேதான் மீன் கொடுக்கிறது, அவர்கள் எங்கே போவார்கள்? அது மட்டுமா, தண்ணீரும் இங்கே இருக்கிறது.

அதைக் கண்ணால் பார்த்தேன். குடிசைகளுக்குப் பின்னால் பள்ளத்தில் இரண்டு பெண்கள். ஒரு பாட்டி, அவர் மருமகள். பழைய ஊற்றுக்குழி புயல் மழையில் மணல் மூடிவிட்டது, புதிதாகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மருமகள் மண்டியிட்டு இரண்டு கையாலும் மணலை அள்ளி வெளியே போட்டார். முழங்கால் ஆழம் வந்ததும் மணலின் நிறம் கறுத்தது. இன்னும் ஒரு சாண். குழியின் ஓரங்களிலிருந்து தண்ணீர் கசிந்து அடியில் சேர்ந்தது, முதலில் கலங்கல். அதைச் சிரட்டையால் அள்ளி வெளியே ஊற்றினார். மறுபடி கசிந்தது, மறுபடி ஊற்றினார். அப்புறம் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். கலங்கல் அடங்கி, அடிமணலின் ஒவ்வொரு பொடியும் தெரிகிற அளவுக்குத் தெளிந்தது. அதற்குப் பிறகுதான் சிரட்டையைத் தண்ணீரின் மேற்பரப்பில் மட்டும் படும்படி சாய்த்து, குடத்தில் துணி கட்டி ஊற்றத் தொடங்கினார்.

"இன்னும் கொஞ்சம் ஆழமாத் தோண்டினா நிறைய வருமே, பாட்டி?"

"ஆழமாப் போனா உப்பு வந்துரும் தாயி. ஒரேயடியாவும் இறைக்கக் கூடாது. ஊறுற அளவுக்குத்தான் எடுக்கணும். ரெண்டு குடம் எடுத்துட்டு அதை விட்டுறணும்."

நேற்று நான் படித்து வைத்திருந்த கணக்கு முழுவதும் இந்தப் பேச்சில் இருக்கிறது. கோடையில் இன்னும் கீழே தோண்ட வேண்டியிருக்கும், அப்போது ஒரு குடம் நிறைய வெகுநேரம் ஆகும் என்றார் மருமகள். மேட்டு மணலை யாராவது எடுக்க வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "எடுக்க விட்டுட்டு நாங்க எங்கக்கா போறது?" என்று திருப்பிக் கேட்டார். சிரட்டையில் எனக்கும் ஊற்றிக் கொடுத்தார்கள். என் பாட்டிலில் இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு அதில் நிரப்பிக்கொண்டேன்.

அரிச்சல்முனையில் இன்னொரு மழை. சாலை வட்டமாகத் திரும்பும் இடத்தைத் தாண்டி மணல் நாக்கு கடலுக்குள் நீள்கிறது. வாடைக் காலத்தில் நீரோட்டம் பாக் நீரிணையிலிருந்து மன்னார் வளைகுடாவுக்குள் போகும், கச்சானில் திரும்பி வரும். அதோடு சேர்ந்து இந்த நாக்கும் இடம் வலம் நகரும். இன்று தெற்கே வளைந்திருந்தது. வடகடலின் பழுப்புத் தண்ணீர் முனையைச் சுற்றி வந்து தென்கடலின் சாம்பலில் கலக்கும் கோடு தெளிவாகத் தெரிந்தது. அதற்கப்பால் மணல் திட்டுகள், தலைமன்னார், எல்லாம் மேகத்துக்குள். பயணிகள் இரண்டு வேனில் வந்து, செல்பி எடுத்து, நனைந்து திரும்பினார்கள். நான் கடைசி அனுமதி நேரத்துக்கு முந்தைய பஸ்ஸில் ஏறினேன்.

வியாழன், கோதண்டராமர் கோயில்

ஊருக்குத் திரும்புவதற்கு முன் காலையில் கோதண்டராமர் கோயில் வரை. 1964 புயலில் தப்பிய கோயில். சுற்றிலும் தேங்கிய நீரில் கடற்காகங்களும் உள்ளான்களும். பூநாரை இன்னும் வரவில்லை, தை பிறந்தால் வரும் என்றார் அங்கே தூண்டில் போட்டிருந்தவர். அதே மாதங்களில்தான் பங்குனி ஆமை இந்தக் கரையில் முட்டையிட ஏறும். அதற்கும் மேட்டு மணல் வேண்டும், அலை எட்டாத உயரத்தில்.

இந்த நடை போக நினைப்பவர்களுக்கு: கார்த்திகை, மார்கழியில் பாம்பன் கூண்டு நிலவரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஒன்று என்றாலும் யோசியுங்கள், மூன்று என்றால் வீட்டில் இருங்கள். மேட்டில் ராவணன் மீசை இல்லாத இடமாகக் கால் வையுங்கள். முள் குத்தும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, கொத்தை மிதித்துப் பெயர்த்தால் அந்த இடத்தில் அடுத்த கச்சானில் பள்ளம் விழும். ஊற்றுக்குழியைக் கண்டால் செருப்போடு பக்கத்தில் போகாதீர்கள், கை கழுவாதீர்கள். கேட்டுவிட்டுக் குடியுங்கள், தாராளமாகக் கொடுப்பார்கள்.

வெட்டுப்பட்ட மேட்டைப் படம் எடுத்து, இடம் தெரிகிற மாதிரி கிராம நிர்வாக அலுவலகத்துக்கும் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளுக்கும் மனு எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை நேரில் கொடுக்கப் போகிறேன். தங்கச்சிமடத்து அக்காவும் கையெழுத்துப் போட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வாடை தணிந்ததும் சேதுக்கரையிலிருந்து பெரியபட்டினம் பக்கம் அடுத்த நடை.